கோச்சம்மா துப்பாக்கி பார்த்த விதம்

"கோச்சம்மா, இது நல்ல துப்பாக்கிங்களா?"

செங்கோடன் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தான். எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு புது தர்ட்டி டூ பிஸ்டல்.

கோச்சம்மா அதைத் தொடவில்லை.

"எதுக்கு வாங்குனீங்க?"

"ரெண்டுக்குமுங்க. இங்க வந்து அட்டை சுடோணும். வெளிய போறப்போ சட்டைக்குள்ள வச்சுக்கோணும். இருக்கறது யாருக்கும் தெரியக்கூடாது."

"யாருக்கும்னா?"

செங்கோடன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"முத்துரத்தினத்துக்குங்க," என்றான்.

*

எங்கள் ரைஃபிள் கிளப் ஒரு கைவிட்ட கல்குவாரி. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற வழியில் இருக்கிறது. மூன்று பக்கமும் பாறை, முன்னால் ஒரு மண்மேடு, நின்று சுட ஒரு தகரக் கூரை. மண்மேட்டுக்கு முன்னால் குறிபார்த்துச் சுடுகிற அட்டைகள். நான் அங்கே பல வருஷமாகச் சுடுகிறேன். மண்மேட்டுக்கு என்னை நன்றாகத் தெரியும். அட்டைக்குத்தான் தெரியாது.

எங்களுக்குச் சுடக் கற்றுத்தருகிற கோச், அதாவது கோச்சம்மாவின் பெயர் அமலோற்பவம். எங்களைவிடச் சின்னவர். தேசியப் போட்டிகளில் சுட்டவர். சத்தம் காதைக் கெடுக்காமலிருக்க மாட்டுகிற இயர்மஃப் எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும். பிடிக்காத கேள்வி கேட்டால் அதைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்வார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீங்கள் கத்தினாலும் முடிந்தது.

செங்கோடன் என் சேக்காளி. போர்வெல் வண்டி வைத்திருக்கிறான். முத்துரத்தினமும் போர்வெல் வண்டிக்காரன்தான். செங்கோடனின் தங்கை கோகிலாவைக் கட்டியவனுக்குப் பெரியப்பா மகன். ஆக, தொழிலும் ஒன்று, சொந்தமும் ஒன்று. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு தோட்டத்தில் முத்துரத்தினம் எவ்வளவோ ஆழம் ஓட்டியும் புழுதிதான் வந்தது. மறுநாள் அதே தோட்டத்தில், நாலு தென்னை தள்ளி, செங்கோடன் ஓட்டினான். தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. தோட்டக்காரர் செங்கோடன் கழுத்தில் மாலை போட்டார். இவனும் சும்மா இருந்தானா? மாலையோடு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தான்.

முத்துரத்தினம் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னான்: "ஒரு நாளைக்கு உன்னையும் அதே குழிக்குள்ள எறக்கறேன், பாரு."

செங்கோடன் உடனே லைசென்ஸுக்கு மனு போட்டான். போலீஸ் விசாரணை, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அந்த மனு ஊர் சுற்றி வருவதற்குள் சண்டை ஆறிப்போனது. பயம் ஆறவில்லை.

இப்போது கோகிலாவின் மகளுக்கு வளர்பிறையில் மொட்டையும் காதுகுத்தும். குலதெய்வக் கோயிலில். செங்கோடன்தான் தாய்மாமன். அவன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். பங்காளி முறையில் முத்துரத்தினமும் வருவான்.

"அன்னைக்கு இது இடுப்புல இருக்கோணுங்க," என்றான் செங்கோடன். "இருந்தாத்தான் போவேன். இல்லீன்னா போகமாட்டேன்."

"தாய்மாமன் இல்லாமக் காது குத்துறதா? உன் தங்கச்சி அழுதே செத்துருவா," என்றேன் நான்.

"அதுக்குத்தானப்பா கேக்கறேன். இதை நம்பலாமா, ஆகாதா?"

*

அப்புறம்தான் கோச்சம்மா அதைக் கையில் எடுத்தார்.

தோட்டா அடைக்கிற மேகசினைக் கழற்றினார். ஸ்லைடை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார்த்தார், சுண்டு விரலை விட்டும் பார்த்தார். பிஸ்டலைப் பிரித்து மேசையில் பரப்பினார். டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார். துணியால் துடைத்தார். மறுபடி பூட்டினார்.

செங்கோடன் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி நின்றான்.

சுட்டுப் போட்ட தோட்டாவின் காலிக் கேஸ் ஒன்றைப் பொறுக்கி, பிஸ்டலின் முதுகில் நட்டமாக நிறுத்தினார். அட்டையைப் பார்த்து நீட்டி, ட்ரிக்கரை மெல்ல அழுத்தினார்.

டிக்.

கேஸ் அசையவில்லை.

"நீங்க."

செங்கோடன் அழுத்தினான். கேஸ் விழுந்து உருண்டது. மறுபடி நிறுத்தினான். மறுபடி விழுந்தது.

"ட்ரிக்கர் கெட்டியா இருக்குதுங்க."

"கொஞ்சம் கெட்டிதான்."

"அப்பத் துப்பாக்கி சரியில்லீங்களா?"

கோச்சம்மா இயர்மஃபைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

பிறகு தோட்டா போட்டுச் சுட்டார். அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒரு தேங்காய் மூடியால் மூடிவிடலாம். அடேங்கப்பா என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

செங்கோடன் சுட்டான். நடுவில் ஒரு கேஸ் வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. கோச்சம்மா ஸ்லைடை இழுத்து உதறினார்.

"புதுசுல அப்படித்தான். ஓட ஓடச் சரியாகும்."

மறுபடி சுட்டான். ஓட்டைகள் எல்லாம் இடது பக்கம், அட்டையின் அடியில் போய்க் கூடியிருந்தன.

"துப்பாக்கி இடதுபக்கமா இழுக்குதுங்க கோச்சம்மா."

"எனக்கு இழுக்கலையே."

"உங்களுக்கு இழுக்குமுங்களா!"

"சுடறப்போ யாரை நெனச்சீங்க?"

செங்கோடனுக்குக் காது சிவந்தது.

"ஒரு தடவை அட்டையை நெனச்சுச் சுடுங்க."

சுட்டான். குண்டு நட்ட நடுவில் விழுந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். விழவில்லை. ஆனால் அடிமூலையை விட்டு மேலே ஏறி, நடுவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

செங்கோடனுக்கு வாயெல்லாம் பல்.

"அட்டைக்குப் பாஸுங்களா?"

"அட்டைக்குப் பாஸ்."

"இடுப்புக்கு?"

கோச்சம்மா பிஸ்டலைக் காலி செய்து அவன் கையில் கொடுத்தார்.

"கட்டிக்கிட்டுச் சுத்துங்க. தோட்டாவும் மேகசினும் வீட்டுப் பீரோவுலயே இருக்கட்டும். காதுகுத்துக்கு முந்தின நாள் வந்து சொல்லுங்க."

"என்னன்னு சொல்றதுங்க?"

"எல்லாத்தையும்."

*

செங்கோடன் ஒரு நல்ல தோல் உறை வாங்கினான். தொளதொளவென்று சட்டைகள் தைத்தான். அவன் அப்பன் காலத்துச் சட்டை மாதிரி இருந்தன. என் உயிரைத்தான் வாங்கினான்.

"தெரியுதா?"

"தெரியல."

"இந்தப் பக்கம் திரும்புனா?"

"தெரியலடா, விடு."

உண்மையிலேயே தெரியவில்லை. இருக்கிறது என்று தெரிந்த எனக்கே தெரியவில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குவாரிக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"பாஸுங்க கோச்சம்மா! ஒரு ஈ காக்காய்க்குக் கூடத் தெரியல."

"சொல்லுங்க."

"டீக்கடையில சுவத்தோட முதுக ஒட்டி உக்காந்துக்கிட்டேன். பின்னாடி எவனும் வர முடியாது பாருங்க."

"ம்."

"கோயில்ல விழுந்து கும்புடல. நின்னுக்கிட்டே கும்புட்டேன். குனிஞ்சாத்தானுங்க சட்டை தூக்கும்?"

"ம்."

"ஊட்டுக்காரி பைக்ல பின்னாடி உக்காந்தா இடுப்பப் புடிப்பா. கம்பியப் புடிச்சுக்கோன்னு சொல்லிப்போட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கம்பியப் புடிச்சுக்கிட்டா."

"ம்."

"தங்கச்சி ஊட்டுக்குப் போனேனுங்க. பாப்பா தன்வி, மாமான்னு ஓடியாந்தா. வந்து காலக் கட்டுனான்னா, அவ கைக்குத் தட்டுமல்லங்க? எட்ட நில்லு கண்ணுன்னு கையக் காட்டி நிறுத்திப்போட்டேன். அவளுக்கும் தெரியலீங்க!"

சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி ஒரு முகம்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அந்தக் குழந்தை ஓடி வந்த வேகத்தில் நின்று, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் தன் கவுனைக் குனிந்து பார்த்தது. அழுக்காக இருக்கிறதா என்று பார்த்தது போல இருந்தது. இந்த மடையன் அதைக் கவனிக்கவில்லை.

"நல்ல துப்பாக்கி," என்றார் கோச்சம்மா.

"அப்ப நாளைக்குக் கட்டிக்கலாங்களா?"

கோச்சம்மா எழுந்து போனார். ரைஃபிளைத் தாங்க வைக்கிற மணல் மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி வந்தார்.

"கீழ உக்காருங்க. சம்மணம் போட்டு."

உட்கார்ந்தான். மூட்டையை மடியில் வைத்தார்.

"இது பாப்பா. நாளைக்கு எப்படிப் புடிப்பீங்களோ அப்படிப் புடிங்க."

செங்கோடன் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். "தலையை ஒரு கையால நெஞ்சோட சேத்து அமுக்கோணுமுங்க. ஆடக்கூடாது. ரெண்டு கையையும் இன்னொரு கையால."

அணைத்தான். மூட்டையின் முனை அவன் வலது இடுப்பில் போய் இடித்தது. பிஸ்டலை எடுத்து இடது பக்கம் செருகினான்.

"ஒரு காது முடிஞ்சா அந்தப் பக்கம் திருப்போணுமே," என்றேன் நான்.

திருப்பினான். இடித்தது. பிஸ்டலை முதுகுக்குக் கொண்டுபோனான். முன்னால் குனிந்ததும் சட்டை ஏறிக்கொண்டது.

"சொந்தக்காரங்க பூராப் பேரும் உன் முதுகுப் பக்கம்தான் நிப்பாங்க."

"நீ வாய மூடு."

கணுக்காலில் கட்டலாமா என்று பார்த்தான். சம்மணத்தில் அது அவன் தொடைக்கே குத்தியது.

"மொட்டை அடிச்சு, குளிப்பாட்டி, ஈரத்தோட உன் மடியில வப்பாங்க. சட்டையக் கழட்டச் சொல்லுவாங்களே?"

"சளி புடிச்சிருக்குன்னு சொல்லிருவேன்."

கோச்சம்மா அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சரி. எங்கயோ ஒரு எடத்துல இருக்குதுன்னு வச்சுக்குவோம். முத்துரத்தினம் வந்துட்டார். எந்தக் கையால எடுப்பீங்க?"

செங்கோடன் தன் கைகளைப் பார்த்தான். ஒன்று மூட்டையின் தலையில். ஒன்று வயிற்றில்.

"தலைய விட்டுருவீங்களா, கைய விட்டுருவீங்களா?"

பாறையில் எங்கேயோ ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது.

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறியது. மூட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

"அப்ப இது ஆகாத துப்பாக்கின்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கலாமுல்லங்க!"

"துப்பாக்கியில ஒரு கொறையும் இல்லைங்க."

"பின்ன எதுலதான் கொறை?"

கோச்சம்மா இயர்மஃபைக் காதில் வைத்துக்கொண்டார்.

செங்கோடன் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பைக் சத்தம் குவாரி முழுக்க எதிரொலித்தது.

அவர் இயர்மஃபைக் கழற்றும்வரை காத்திருந்து கேட்டேன்.

"நாளைக்குக் கொண்டாருவானுங்களா?"

"தெரியாது," என்றார். "நல்லா மறையற துப்பாக்கி அது."

*

காலையில் கோயிலுக்கு முன்னால் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. செங்கோடன் சீர்த்தட்டு வரிசையோடு வந்து இறங்கினான். அதே தொளதொளச் சட்டை.

நான் அவன் இடுப்பையே பார்த்தேன். இருக்கிறதா இல்லையா, ஒன்றும் புரியவில்லை. என்னோடு வந்து பக்கத்தில் நின்ற கோச்சம்மா அவன் முகத்தைத்தான் பார்த்தார்.

முத்துரத்தினம் வேப்பமரத்தடியில் நின்றான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். வணக்கமும் இல்லை, வாங்க என்ற சொல்லும் இல்லை.

குழந்தைக்கு அப்பன் மடியில் வைத்தே மொட்டை அடித்தார்கள். குளிப்பாட்டினார்கள். தலையில் சந்தனம் அப்பினார்கள். காது குத்த மனைப்பலகை போட்டார்கள். செங்கோடன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"போ கண்ணு, மாமன் மடியில உக்காரு," என்றாள் கோகிலா.

தன்வி போகவில்லை. இரண்டு எட்டு தள்ளியே நின்றாள்.

"ஏஞ்சாமி? மாமன்தான?"

"எட்ட நிக்கோணும்," என்றாள் குழந்தை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செங்கோடன் சிரிக்கவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. முந்தின நாள் அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போயே போய்விட்டது.

அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை உருவி என்னிடம் வீசினான். இடுப்பில் வேட்டி மட்டும்தான் இருந்தது.

இரண்டு கையையும் விரித்தான்.

"வா கண்ணு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓடி வந்து விழுந்தாள். மொட்டைத் தலைச் சந்தனம் முழுக்க அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

நான் திரும்பிக் கோச்சம்மாவைப் பார்த்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புகை என்றார்.

காது குத்த வந்த பத்தர் கம்பியை எடுத்தார். அவ்வளவுதான், தன்வி வீறிட்டாள். செங்கோடன் தலையை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினான். கைகள் இரண்டையும் பிடித்தான். கால்கள் விடுமா? பத்தரின் தட்டு ஒரு பக்கம் பறந்தது. வெற்றிலை ஒரு பக்கம் பறந்தது.

"காலப் புடிங்க யாராச்சும்!" என்றார் பத்தர்.

குழந்தையின் அப்பன் பறந்த கம்மலைத் தேடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த ஆள் முத்துரத்தினம்தான்.

"மாமா, நீங்க புடிங்க மாமா!" என்று கோகிலா கத்தினாள்.

முத்துரத்தினம் முன்னால் வந்தான். பாதி குனிந்தான். சட்டென்று நிமிர்ந்துவிட்டான். இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பச்சைக் குழந்தையிடம் கூடவா பகையைக் காட்டுவான் என்று ஒரு பெரியம்மா வாய்விட்டே சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செங்கோடன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். முழங்கையைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான்.

அவன் குரல் எனக்கும் முத்துரத்தினத்துக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"மாப்ள, இடுப்புல என்ன வச்சிருக்கீங்க?"

முத்துரத்தினத்தின் முகம் வெளிறியது. மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கத்தி," என்றான். "நீங்க துப்பாக்கி வாங்கிட்டீங்கன்னு ஊரே பேசுது மச்சான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

"ஊரே பேசுதா?"

"திருச்செங்கோட்டுல யாருக்குத் தெரியாது?"

செங்கோடன் என்னைப் பார்த்தான். நான் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அது ஊட்டுப் பீரோவுல கெடக்குது மாப்ள," என்றான் அவன். "நீங்களும் அதக் கொண்டுபோயி வண்டியில வச்சுப்போட்டு வாங்க. புள்ள காலு பட்டுரும்."

முத்துரத்தினம் அசையாமல் நின்றான். குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். எங்கே போகிறான் என்று யாருக்கும் புரியவில்லை. கோகிலா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

காரின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தான். செங்கோடன் எதிரே நன்றாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. குழந்தையின் இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தன் கைக்குள் வாங்கினான்.

"தலைய விட்டுறாதீங்க மச்சான்."

"நீங்க காலப் பாருங்க."

தன்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவதா வேண்டாமா என்று யோசித்தாள்.

"பத்தரே," என்றான் செங்கோடன், "இப்பக் குத்துங்க."